திரும்பிப் பாருங்கள்... எத்தனை படி ஏறியிருக்கிறீர்கள்!

சுவாமிமலைக்குப் போயிருக்கிறீர்களா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிறது. முருகனின் அறுபடை வீடுகளில் நான்காவது. மலை என்று பெயரே தவிர, இயற்கையான மலை இல்லை. சோழநாட்டுச் சமவெளியில் மலைக்கு எங்கே போவது? கல்லால் கட்டி எழுப்பிய கட்டுமலை. கீழே மீனாட்சி அம்மையும் சுந்தரேஸ்வரரும் இருக்கிறார்கள். மேலே சுவாமிநாதன் நிற்கிறான். அதாவது அப்பாவும் அம்மாவும் கீழே, பிள்ளை மேலே! ஏன் அப்படி என்பதை அப்புறம் சொல்கிறேன்.

மேலே போக 60 படிகள். தமிழ் வருஷங்களும் 60 அல்லவா? பிரபவ தொடங்கி அட்சய வரை, ஒவ்வொரு படிக்கும் ஒரு வருஷத்தின் பெயர். அந்தந்த வருஷத்தின் தேவதையே படியாக இருந்து சுவாமியைத் தாங்குவதாக ஐதீகம். தமிழ்ப் புத்தாண்டு அன்று இந்தப் படிகளுக்கே பூஜை நடக்கும். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பாட்டுப் பாடிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். பார்க்கக் கண் கோடி வேண்டும்.

2025-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், அந்தப் படிகளில் எனக்கு ஓர் அம்மா பாடம் நடத்தினார். அவருக்கு நான் ஏதோ சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் கற்றுக்கொண்டவன் நான்தான்.

குரோதி படியில் உட்கார்ந்த அம்மா

அன்று கூட்டம் அதிகம் இல்லை. நான் ஏறிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேலே போனதும், ஓரமாக ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர். கையில் அர்ச்சனைக் கூடை. முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

‘‘கால் வலியாம்மா?’’ என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தவர், ‘‘ஐயா, நீங்களா? உங்க சொற்பொழிவை எங்க பேட்டையில கேட்டிருக்கேன். உறவுக்காரங்க கல்யாணத்துக்குக் கும்பகோணம் வந்தோம். அப்படியே முருகனைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்’’ என்றார். பிறகு, தான் உட்கார்ந்திருந்த படியைக் காட்டி ஒரு மாதிரியாகச் சிரித்தார். ‘‘பாருங்க, எனக்குன்னே இந்தப் படி அமைஞ்சிருக்கு.’’

பார்த்தேன். 38-ஆவது படி. குரோதி!

குரோதம் என்றால் சினம், பகை. ‘‘என் குணத்துக்கு ஏத்த படிதானே ஐயா?’’ என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மெல்லச் சொல்ல ஆரம்பித்தார்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் சஷ்டி தவறாமல் விரதம் இருப்பவர். தினமும் காலையில் குளித்துவிட்டு, விளக்கேற்றி, கவசம் படித்த பிறகுதான் காபி. மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரன் எல்லோரும் ஒரே வீடு. மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். பேரனுக்குப் பள்ளிக்கூட வேன் வரும் நேரம். இட்லியைத் தட்டில் வைத்தால் சாப்பிடாமல் ஓடுகிறான். அடுப்பில் பால் பொங்குகிறது. உள்ளே மருமகள் மீட்டிங்கில் இருக்கிறாள். அந்த நிமிஷத்தில், இந்த அம்மாவுக்கு எங்கிருந்தோ கோபம் வந்து, கையிலிருந்த டம்ளரைத் தரையில் அடித்துவிட்டார். குழந்தை மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டான்.

அழவில்லை அந்தக் குழந்தை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறான்: ‘‘பாட்டி, நீ டெய்லி சாமி கும்பிடறியே... அது வேஸ்ட்டா?’’

‘‘அந்த வார்த்தை நெஞ்சுல முள்ளாத் தைச்சிடுச்சு ஐயா. குழந்தை சொன்னது நிஜம்தானே? இத்தனை வருஷமா விளக்கேத்தி என்ன பிரயோஜனம்? நான் கொஞ்சமாவது மாறியிருக்கேனா? அன்னையிலிருந்து இன்னைக்குப் பதினோரு நாளாச்சு. நான் விளக்கேத்தலை. மருமகதான் ஏத்தறா. பூஜை அலமாரி பக்கம் போனாலே பொய் வேஷம் போடற மாதிரி இருக்கு. இங்கே வந்தும் மேலே ஏற மனசு வரலை. கால் வலின்னு சொல்லி உட்கார்ந்துட்டேன். வலி கால்ல இல்லை.’’

அன்பான தாய்மார்களே! இந்த அம்மா யாரோ ஒருவர் என்று நினைக்காதீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான். ‘எத்தனையோ விரதம் இருந்துவிட்டேன், எத்தனையோ கோயிலுக்குப் போய்விட்டேன், மனசு மட்டும் அப்படியே இருக்கிறதே, ஏன்?’ பக்தி செய்கிறவர்களுக்குத்தான் இந்தத் துன்பம் வருகிறது. செய்யாதவர்கள் இந்தக் கணக்கே போட்டுப் பார்ப்பதில்லையே!

பிரஜோற்பத்தி படி எங்கே?

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘‘அம்மா, உங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம்?’’

‘‘1991.’’

மனதுக்குள் கணக்குப் போட்டேன். 1987-ல் பிரபவ. அப்படியானால் 1991 பிரஜோற்பத்தி. ‘‘அது 5-ஆவது படி. கீழேயே தாண்டி வந்துவிட்டோம். அந்தப் படியில் நின்ற பெண்ணை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் என்ன செய்வாள்?’’

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘‘மூணு நாள் யாரோடயும் பேச மாட்டா. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிடுவா. புருஷன் வந்து கெஞ்சணும். அப்புறம் அம்மா வீட்டுக்கு லெட்டர் எழுதுவா.’’

‘‘இப்போது மருமகள் மனம் நோகும்படி ஏதாவது சொன்னால்?’’

யோசித்தார். ‘‘கஷ்டமா இருக்கும். பால்கனியில போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துவேன். மத்தியானம் வரை மனசு ஒரு மாதிரி இருக்கும். சாயங்காலம் விளக்கு வைக்கறப்போ போயிடும்.’’

‘‘மூன்று நாள் இருந்தது மத்தியானமாகக் குறைந்திருக்கிறது. இது மாற்றம் இல்லையா அம்மா?’’

அவர் பதில் சொல்லவில்லை. நான் விடவில்லை. ‘‘சரி, அந்த டம்ளர் விழுந்த நாளுக்கே வருவோம். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?’’

‘‘என்ன செய்யறது? சாயங்காலம் பேரன் ஸ்கூல்லேருந்து வந்ததும் மடியில உட்கார வெச்சு, ‘பாட்டி செஞ்சது தப்புடா கண்ணா, மன்னிச்சுக்கோ’ன்னு சொன்னேன். மருமககிட்டயும் சொன்னேன்.’’

‘‘உங்கள் மகன் ஐந்து வயதாக இருந்தபோது அவனிடம் இப்படி எப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களா?’’

நீண்ட நேரம் மௌனம். கோயில் மணி அடித்தது. படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ‘‘ஒரு தடவை கூட இல்லை ஐயா. அடிச்சிருக்கேன். அழ வெச்சிருக்கேன். பெரியவங்க குழந்தைகிட்ட மன்னிப்புக் கேக்கறதாவதுன்னு இருந்தேன்.’’

அப்பன் குனிந்த இடம்

தாய்மார்களே, இப்போது நினைத்துப் பாருங்கள். இந்த உரையாடல் நடந்த இடம் எது? சுவாமிமலை. இந்தத் தலத்தின் பெருமையே என்ன?

பிரணவத்தின் பொருள் தெரியுமா என்று பிரம்மாவைக் கேட்டான் குமரன். படைப்புத் தொழில் செய்கிறவருக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. தலையில் குட்டிச் சிறையில் வைத்துவிட்டான். சிவபெருமான் வந்து விடுவிக்கச் சொன்னார். விடுவித்தான். ‘அது சரி, உனக்குப் பொருள் தெரியுமா?’ என்று அப்பா கேட்டார். ‘தெரியும். ஆனால் கேட்கும் முறையில் கேட்டால்தான் சொல்வேன்’ என்றது பிள்ளை.

சிவபெருமான் என்ன செய்தார்? ‘எனக்கே நிபந்தனையா?’ என்று நெற்றிக்கண்ணைத் திறந்தாரா? இல்லை. சீடனாக அமர்ந்தார். கை கட்டி, வாய் பொத்தி, செவியைக் கொடுத்துப் பிள்ளையிடம் உபதேசம் கேட்டார். அதனால்தான் முருகனுக்குத் தகப்பன்சாமி என்று பெயர். அதனால்தான் இங்கே அப்பா கீழே, பிள்ளை மேலே.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நாம் பிள்ளையின் அறிவைத்தான் வியக்கிறோம். அப்பாவின் பெருமையைக் கவனிப்பதில்லை. தன்னைவிடச் சிறியவர் முன் குனிவது இருக்கிறதே, அது பெரியவர்களால்தான் முடியும். சின்ன மனசு குனியாது. குனிந்தால் தான் சிறியவனாகிவிடுவோமோ என்று அதற்குப் பயம்.

நான் அந்த அம்மாவிடம் சொன்னேன்: ‘‘ஐந்து வயதுக் குழந்தை முன்னால் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களே, அது இந்தத் தலத்தில் சிவபெருமான் காட்டிய குணம் அம்மா. டம்ளர் விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டது. நீங்கள் குனிந்தது மட்டும் உங்களுக்குத் தெரியவில்லை.’’

ஏன் நமக்கே தெரிவதில்லை?

வீட்டில் குழந்தை வளர்வது அம்மாவுக்குத் தெரியாது. தினமும் கூடவே இருக்கிறாள் அல்லவா? ஒரு வருஷம் கழித்து ஊரிலிருந்து அத்தை வந்தால், ‘அடேயப்பா, எவ்வளவு உயரமாயிட்டான்!’ என்பாள். சில வீடுகளில் நிலைக்கதவில் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள். அந்தக் கோடு இருந்தால்தான் அம்மாவுக்கே தெரியும்.

நம் மனசுக்கு நாம்தான் கூடவே இருக்கும் அம்மா. அதனால் அது வளர்வது நமக்குத் தெரிவதில்லை. கோடு போட்டு வைக்கும் பழக்கமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. வெளியே வேலைக்குப் போகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை ‘நீ இவ்வளவு நன்றாகச் செய்தாய்’ என்று சொல்ல ஆள் இருக்கிறது. சம்பளம் கூடுகிறது, பதவி உயர்கிறது. பிள்ளைகளுக்கு மார்க் வருகிறது. வீட்டைத் தாங்கும் பெண்ணுக்கு யார் மார்க் போடுகிறார்கள்? சாம்பாரில் உப்பு சரியாக இருக்கும் 364 நாளும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஒருநாள் கரித்தால் போதும், வீடே பேசும். அதையே கேட்டுக் கேட்டு, நாமும் நம்மை அப்படியே எடைபோடப் பழகிவிடுகிறோம். மனித மனம் நல்லதைவிடக் கெட்டதை அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது என்று மனநல வல்லுநர்களும் சொல்கிறார்கள்.

அர்ஜுனனையே எடுத்துக்கொள்ளுங்கள். கீதையின் 6-ஆவது அத்தியாயத்தில், மனம் காற்றைப் போல அலைகிறது, அதை அடக்கவே முடியவில்லை என்று முறையிடுகிறான். பகவான், ‘நீ எப்படி அப்படிச் சொல்லலாம்?’ என்று அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அடக்கக் கஷ்டமானதுதான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். பிறகு இரண்டு வழி சொல்கிறார். திரும்பத் திரும்பப் பழகுவது ஒன்று, பற்றைக் குறைப்பது இன்னொன்று. திரும்பத் திரும்பப் பழகு என்று ஏன் சொல்ல வேண்டும்? நடுநடுவே நழுவும் என்பது பகவானுக்குத் தெரியும். நழுவினாலும் திரும்பி வருகிறாயா என்பதைத்தான் அவர் பார்க்கிறார்.

ஆகையால் ‘எனக்குக் கோபமே வரக் கூடாது’ என்று அளவுகோல் வைத்தால் நாம் எல்லோருமே தோற்போம். கோபம் வந்தால் எத்தனை நேரம் தங்குகிறது? முன்பு போல வார்த்தையாக வெளியே வருகிறதா, அல்லது தொண்டையிலேயே நிற்கிறதா? தவறு செய்தால் ஒப்புக்கொள்ள முடிகிறதா? இப்படிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் வளர்ச்சி உங்களுக்கே தெரியும்.

மண்ணுக்குள்ளே மூர்த்தி

சுவாமிமலைக்கு இன்னொரு பெருமை, அங்குள்ள ஸ்தபதிகள். சோழர் காலத்துக் கலையை இன்றும் காப்பாற்றி வருகிறார்கள். விக்கிரகம் எப்படி வார்க்கிறார்கள் தெரியுமா?

தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகு உருவம் செய்வார்கள். அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிப் பூசி மூடுவார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் வெறும் மண்கட்டிதான். அதைச் சுட்டால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் உள்ளே மூர்த்தி.

அத்தோடு முடிந்ததா? அதுதான் இல்லை. உடைத்து எடுத்ததும் சொரசொரப்பாக, பிசிறு பிசிறாக இருக்கும். அதற்கப்புறம் உளியும் அரமும் கொண்டு நாள்கணக்கில், பெரிய மூர்த்தி என்றால் மாதக்கணக்கில் வேலை செய்வார்கள். கடைசியில்தான் கண் திறப்பது.

பிசிறு இருக்கிறது என்பதற்காக எந்த ஸ்தபதியாவது ‘இது மூர்த்தியே இல்லை’ என்று தூக்கி எறிவாரா? ஆனால் நம்மை நாமே எத்தனை தரம் அப்படித் தூக்கி எறிகிறோம்! அந்த அம்மா கடைசியாக மிச்சமிருந்த ஒரு பிசிறைப் பார்த்துவிட்டு, முப்பது வருஷம் வார்த்த மூர்த்தியையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சோர்வு தங்கிவிட்டால்...

இங்கே ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும்.

அந்த அம்மாவை நான் இன்னொன்றும் கேட்டேன். ‘‘ராத்திரி தூக்கம் வருகிறதா?’’ ‘‘இந்த ஆறு மாசமாவே சரியா இல்லை ஐயா. மூணு மணிக்கே முழிச்சுக்கறேன். சின்ன விஷயத்துக்கெல்லாம் படபடன்னு வருது’’ என்றார். ‘‘ஊருக்குப் போனதும் முதல் வேலையாக டாக்டரைப் பாருங்கள்’’ என்றேன். ‘‘டாக்டருக்கு இதெல்லாம் சொல்லணுமா?’’ என்று ஆச்சரியப்பட்டார். கட்டாயம் சொல்ல வேண்டும்.

தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யாவிட்டாலும், மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பில் வரும் மாறுதல்களாலும் தூக்கம் கெடலாம், எரிச்சல் வரலாம், காரணமில்லாமல் அழுகை வரலாம். இதைப் பக்திக் குறைவு என்று நினைத்து மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பது சரியில்லை. அதேபோல, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே கிடக்கிறது, பசி தூக்கம் போய்விட்டது, பிடித்த வேலையில்கூட நாட்டமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல அதுவும் வைத்தியம் செய்துகொள்ள வேண்டிய விஷயம். செய்துகொண்டால் குணம் தெரியும்.

கோயிலுக்கும் மருத்துவத்துக்கும் பகை கிடையாது. திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் இருக்கிறதே, பிரசன்ன வெங்கடாசலபதி கோயில், அங்கே மனநலம் குன்றியவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்கவைத்து வழிபடுவது நெடுநாள் வழக்கம். இன்று அந்தக் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. பெருமாள் தீர்த்தமும் உண்டு, டாக்டர் மருந்தும் உண்டு. பெருமாளுக்கு இதில் ஆட்சேபம் இல்லாதபோது நமக்கென்ன?

சுவாமிமலை முருகனைப் பாடியவர்களில் அருணகிரிநாதரும் ஒருவர். அவர் கதை உங்களுக்குத் தெரியும். தன் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று மனம் உடைந்து, திருவண்ணாமலை கோபுரத்திலிருந்து விழுந்தவர் என்கிறது வரலாறு. முருகன் கையில் தாங்கினான். அதற்குப் பிறகுதான் திருப்புகழ் பிறந்தது. ‘இனி என்னிடம் ஒன்றுமில்லை’ என்று அவர் நினைத்த அந்த நிமிஷத்தில், பாடவேண்டிய பாட்டெல்லாம் அவருக்குள்ளேயே இருந்தது. அவருக்குத்தான் தெரியவில்லை.

முருகன் எப்போதும் வேலும் மயிலுமாகத்தான் வருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவாக வருவான். கூடப் பிறந்தவளாக வருவான். டாக்டராக வருவான். ‘இருந்து என்ன பயன்’ என்ற எண்ணம் உங்களுக்கோ, உங்கள் வீட்டில் யாருக்கோ வந்தால், அந்த நிமிஷமே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். காலண்டரின் மூலையில் இன்றே எழுதி வையுங்கள்.

காலண்டர் தாளின் பின்பக்கம்

காலண்டர் என்றதும் ஒரு சின்ன வழிபாடு சொல்லத் தோன்றுகிறது. செலவில்லை. நேரமும் ஆகாது.

சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு, அன்றைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கம் காலியாக இருக்கும். அதில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘இன்று நான் எங்கே கொஞ்சம் நின்றேன்? எங்கே சீக்கிரம் திரும்பி வந்தேன்?’ உதாரணமாக, ‘நாத்தனார் போனில் சொன்னதற்குப் பதில் சொல்ல வந்தது, சொல்லவில்லை’ என்று எழுதலாம். ‘மத்தியானம் அரை மணி நேரம் குற்ற உணர்ச்சி இல்லாமல் படுத்தேன்’ என்றும் எழுதலாம். ஆமாம், ஓய்வெடுக்கக் கற்றுக்கொள்வதும் வளர்ச்சிதான்! ஒன்றும் தோன்றாத நாளில் ‘விளக்கேற்றினேன்’ என்று எழுதினால் போதும்.

ஒரு டப்பாவில் போட்டு சுவாமி பக்கத்தில் வையுங்கள். தினமும் எடுத்துப் பார்க்க வேண்டாம். சித்திரை முதல் நாள் சுவாமிமலையில் படிபூஜை நடக்கும் அல்லவா? அன்று நீங்களும் அந்த டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு தாளாகப் படியுங்கள். அதுவே உங்கள் வீட்டுப் படிபூஜை. நீங்கள் ஏறி வந்த படிகள் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. நம் வளர்ச்சி நமக்குத் தெரியாது, அடுத்தவருக்குத்தான் தெரியும் என்று பார்த்தோம். அப்படியானால் அடுத்தவர் வளர்ச்சியைச் சொல்ல வேண்டியது யார்? நாம்தானே? ‘முன்னெல்லாம் நீ இதுக்குக் கோபப்படுவே, இப்ப எவ்வளவு நிதானமா பேசறே!’ என்று மருமகளிடம் ஒருநாள் சொல்லிப் பாருங்கள். அவள் முகம் மலர்வதைப் பாருங்கள். அவளும் ஒரு மண் அச்சுக்குள்ளே வார்ந்துகொண்டிருக்கிற மூர்த்திதான்.

அடுத்த படி

அந்த அம்மாவின் கதையை முடிக்கவில்லையே!

எழுந்திருக்கலாமா என்று கேட்டேன். ‘‘அம்மா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் குரோதி படி போன வருஷம். அது ஏப்ரலோடு முடிந்துவிட்டது. அடுத்த படியைப் பாருங்கள், விசுவாவசு. அதுதான் நாம் இருக்கும் வருஷம். முடிந்த வருஷத்தில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?’’

சிரித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். ஒவ்வொரு படியாக ஏறினோம். மேலே, சந்நிதிக்கு எதிரே மயிலுக்குப் பதிலாக யானை நிற்கும். இந்திரன் கொடுத்த ஐராவதம் என்பார்கள். அதைத் தாண்டி, கையில் தண்டத்தோடு நிற்கும் சுவாமிநாதனைப் பார்த்ததும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் அப்படியே நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

இறங்கி வரும்போது அவராகவே சொன்னார். ‘‘நாளைக்கு ஊருக்குப் போனதும் நானே விளக்கேத்தறேன் ஐயா. பேரனையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கறேன். ஆனா அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லலையே? சாமி கும்பிட்டது வேஸ்ட்டான்னு கேட்டானே, என்ன சொல்லட்டும்?’’

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே பதிலைக் கண்டுபிடித்துவிட்டார். பிரஜோற்பத்தி படியில் கால் வைத்தபோது, நின்று சொன்னார்:

‘‘வேஸ்ட் இல்லைடா கண்ணா. சாமி கும்பிடலேன்னா பாட்டி உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கவே மாட்டேன்னு சொல்றேன்.’’

குருவாக நிற்கும் அந்தக் குழந்தை, உங்கள் வீட்டிலும் விளக்கின் பக்கத்தில் வந்து அமரட்டும். நீங்கள் ஏறி வந்த படிகளை உங்களுக்குக் காட்டட்டும். எல்லோருக்கும் சுவாமிநாதன் நல்ல தூக்கமும் தெளிந்த மனமும் அருளட்டும்!